பெங்களூரில் முதல் முறையாக ஸ்டுடியோவுக்குப் பாடப் போகிறவர்களுக்கு: தெரிந்தவர்கள் எழுதுங்கள்

ஜீவன்பீமா நகர் பஜனைக் குழு

அல்சூர், காக்ஸ் டவுன், ஜெயநகர் என்று நம் ஆட்கள் நிறையப் பேர் இப்போது சொந்தச் செலவில் பாட்டுப் பதிவு செய்யக் கிளம்பியிருக்கிறார்கள். ஸ்டுடியோவில் மணிக்கணக்கில் காசு. உள்ளே போன பிறகு சுருதி எது, வேகம் எது என்று தேடினால் அந்தக் காசு அப்படியே கரைகிறது. கன்சோலில் (ஒலிப்பதிவு மேசையில்) உட்கார்பவர்கள், பக்கவாத்தியம் வாசிப்பவர்கள், பாட்டு சொல்லித் தருகிறவர்கள், நீங்கள் அடிக்கடி பார்ப்பதை இங்கே எழுதுங்கள். "நன்றாகப் பயிற்சி செய்யுங்கள்" மாதிரி பொதுப்பேச்சு வேண்டாம். எது, எவ்வளவு, ஏன் என்று வேண்டும்.

கன்சோல், இந்திராநகர்

முதல்ல சுருதி. "அஞ்சரைக் கட்டை"ன்னு மட்டும் சொல்லிட்டு வராதீங்க. செஷன் (பதிவு வேலை) ஓட்டறவர் கர்னாடக சங்கீதம் பழகாதவரா இருந்தா அது அவருக்கு ஒண்ணும் சொல்லாது. மேற்கத்தியப் பேரையும் சேர்த்து எழுதிக்கங்க. 1 கட்டை சி, ஒன்றரை சி ஷார்ப், 2 டி, இரண்டரை டி ஷார்ப், 3 இ, 4 எஃப், நாலரை எஃப் ஷார்ப், 5 ஜி, ஐந்தரை ஜி ஷார்ப், 6 ஏ, ஆறரை ஏ ஷார்ப். மூன்றரைன்னு தனியா ஒண்ணு கிடையாது, இ-க்கு அடுத்ததே எஃப்தான். பழைய சுருதிப்பெட்டி வெச்சுப் பழகினவங்க வீட்டுலயே ட்யூனர் ஆப்ல ஒரு தடவை பாருங்க. பெட்டி ஏ 440-ங்கற பொது அளவுலேர்ந்து 20, 30 சென்ட் (மேல சொன்ன பட்டியல்ல ஒண்ணுலேர்ந்து அடுத்ததுக்கு ஒரு செமிடோன், அதுல நூறுல ஒரு பங்கு ஒரு சென்ட்) விலகி இருந்தா, அதுல ஊறின குரல் கீபோர்டு டிராக்கோட உரசிக்கிட்டே இருக்கும்.

அடுத்தது வேகம். "மத்திம காலத்துக்குக் கொஞ்சம் கீழ"ங்கறதை மெஷின்ல போட முடியாது. வீட்டுல பாடிக்கிட்டே 15 விநாடிக்கு எத்தனை அடி விழுதுன்னு எண்ணி 4-ஆல பெருக்குங்க, அதுதான் பிபிஎம், நிமிஷத்துக்கு எத்தனை அடிங்கறது. பல்லவியில ஒரு தடவை, சரணத்துல ஒரு தடவை எண்ணுங்க. முக்கால்வாசிப் பேருக்கு சரணத்துல 4, 5 கூடியிருக்கும். அது தெரிஞ்சுட்டா எந்த வேகத்துல நிறுத்தணும்னு முடிவெடுக்கலாம். மிஸ்ர சாபுன்னா கிளிக்கை (ஹெட்ஃபோன்ல வேகம் காட்டித் தட்டற சத்தம்) 7-க்கும், கண்ட சாபுன்னா 5-க்கும் செட் பண்ணச் சொல்லுங்க. சும்மா விட்டா மெஷின் 4-க்கு 4 தான் தட்டும். எடுப்பு (பாட்டு தொடங்கற இடம்) சமத்துல (தாளத்தோட முதல் அடியில) இல்லாம அரை இடம் தள்ளின்னா அதையும் தாள்ல எழுதுங்க.

முன்னாடியே செஞ்ச பின்னணி டிராக் கொண்டு வர்றவங்க: வேவ் ஃபைல், 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். எம்பி3 வேண்டாம். தரம் குறையுதுங்கறது மட்டும் காரணம் இல்லை. எம்பி3 ஆக்கும்போது தலைப்புல 25 மில்லிசெகண்ட் அளவுக்கு வெற்று இடம் சேரலாம். நாலு டிராக்கை நாலு விதமான மென்பொருள்ல மாத்திக் கொண்டு வந்தா ஒண்ணுக்கொண்ணு வரிசை நிக்காது. 44.1 கிலோஹெர்ட்ஸ்ல செய்த ஃபைலை மாத்தாம 48 செஷன்ல போட்டா 9 சதவீதம் வேகமா ஓடும், சுருதி ஒன்றரை செமிடோன் ஏறும். "இன்னிக்கு மேல் ஸ்தாயி எட்டவே மாட்டேங்குது"ன்னு யாராவது சொன்னா, தொண்டையைக் குறை சொல்றதுக்கு முன்னாடி இதைப் பாருங்க.

பாட்டு டீச்சர், மல்லேஸ்வரம்

பாட்டுத் தாளைப் பற்றிச் சொல்கிறேன். பெரும்பாலானவர்கள் இதை அலட்சியம் செய்கிறார்கள், நேரத்தை அதிகம் தின்பதும் இதுதான்.

16 பாயிண்ட் எழுத்தில், ஒரு பக்கம் மட்டும் அச்சடியுங்கள். ஸ்டேபிள் போடாதீர்கள். தாளைத் திருப்பும் சத்தம் குரலோடு சேர்ந்து பதிவாகும். இரண்டு தாள் என்றால் ஸ்டாண்டில் பக்கம் பக்கமாக வைக்க வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் எண் போடுங்கள்: ப1, ப2, அ1, ச1 (பல்லவி, அனுபல்லவி, சரணம்). கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் "ச3 மறுபடியும்" என்றால் போதும், "அந்த மேலே போகும் இடம்" என்று தேட வேண்டியதில்லை. மூன்று பிரதி வேண்டும். உங்களுக்கு ஒன்று, இன்ஜினியருக்கு ஒன்று, வெளியே உட்கார்ந்து உச்சரிப்பைக் கேட்பவருக்கு ஒன்று. இன்ஜினியருக்குத் தமிழ் படிக்கத் தெரியாவிட்டால் அவர் பிரதியைக் கன்னட எழுத்திலோ ஆங்கில எழுத்திலோ கொடுங்கள்.

மூச்சு எடுக்கும் இடங்களைப் பென்சிலில் குறித்து வையுங்கள். ஒரு வரியை மறுபடி எடுக்கும்போது ஒட்டு அந்த மூச்சில்தான் விழ வேண்டும். தமிழில் சொற்கள் புணர்ந்து வருவதால் நடுவில் வெட்ட முடியாது. "மலர்ந்ததென்று" என்று ஒரே மூச்சில் பாடிவிட்டு, "என்று" சரியில்லை, அங்கிருந்து எடுக்கலாம் என்றால் வெட்டு "தெ"யின் வயிற்றில் விழும். இரண்டு குரலை ஒட்டியது அப்பட்டமாகத் தெரியும். முந்தின மூச்சுக்கே போய்விடுங்கள்.

இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பலர் பாட்டைக் கன்னட எழுத்தில் எழுதிப் பாடம் செய்கிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் எழுதிக் கொடுத்தவர் எந்த க, எந்த ப (கன்னடத்தில் ஒவ்வொன்றும் நான்கு) போட்டார் என்று பார்க்க வேண்டும். "பாவம்" இரக்கத்தைக் குறிக்கிறதா, ராக பாவத்தைக் குறிக்கிறதா என்பதை அந்த ஒரே எழுத்து மாற்றிவிடும். ழகரமும் ஹெட்ஃபோன் மாட்டினவுடன் தளர்கிறது. "வாழ்வு" என்பது "வால்வு" ஆகிவிட்டால் தமிழ் தெரியாத இன்ஜினியர் பிடிக்க மாட்டார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஆகவே தமிழ்க் காது உள்ள ஒருவரை, அதை மட்டும் கேட்பதற்காகவே, அழைத்துப் போங்கள்.

மிருதங்கம், சாம்ராஜ்பேட்டை

மழையில நனைஞ்ச காத்துலேர்ந்து நேரா ஏசி ரூமுக்குள்ள போனா தோல் இறுகும், சுருதி ஏறும். உறையை அவிழ்த்து அந்த ரூம்லயே அரை மணி வெச்சுட்டு அப்புறம் சுருதி சேர்க்கற கல்லும் கட்டையும் எடுங்க. வந்த உடனே சேர்த்தா மூணாவது டேக்குல (மூணாவது தடவை பதியறப்போ) வலந்தலை (வலது பக்கத் தோல்) விலகிடும். தொப்பியில (இடது பக்கத் தோல்ல) ஒட்டற ரவையும் ஏசியில சீக்கிரம் காயும். காஞ்சா தொப்பியோட கும்கி (அழுத்தி இழுக்கற கனமான நாதம்) அடங்கிடும், முதல் டேக்கையும் எட்டாவது டேக்கையும் கலக்கவே முடியாது. கொஞ்சம் ரவை, ஒரு சின்ன பாட்டில் தண்ணி, துண்டு கையோட இருக்கட்டும். 40 நிமிஷத்துக்கு ஒரு தடவை தொட்டுப் பாருங்க. ஆண்குரலும் பெண்குரலும் ஒரே நாள்னா தக்கு (கீழ் சுருதி) ஒண்ணு, ஹெச்சு (மேல் சுருதி) ஒண்ணு, ரெண்டு வாத்தியம். கடத்தை மிருதங்கம் மாதிரி சேர்க்க முடியாது, அதனால சுருதியை ஒரு வாரம் முன்னாடியே கடக்காரர்கிட்ட சொல்லணும். வீணையை மூடின காருக்குள்ள வெயில்ல விடாதீங்க. மேளம், அதாவது மெட்டுங்க, உட்கார்ந்திருக்கிறது மெழுகு மேல, சூட்டுல அது இளகிடும்.

ராமநவமி சமயத்துல, அதாவது மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் முழுக்க, கோட்டை ஹைஸ்கூல் மைதானக் கச்சேரிகளும் மத்த சபைகளும் ஓடும். அப்போ நல்ல பக்கவாத்தியத்துக்குத் தேதி கிடைக்கறது கஷ்டம்.

ஒரு விஷயம் கன்சோல்காரர் சார்கிட்ட: எல்லாத்துக்கும் கிளிக் வேணுமா? கிருதிக்குக் கிளிக் போட்டா நிரவல்ல (ஒரே வரியை விதவிதமா விரிச்சுப் பாடற இடத்துல) உயிரே இருக்காது.

கன்சோல், இந்திராநகர்

அண்ணா சொல்றது சரி. குரல், வயலின், மிருதங்கம் மட்டும்னா கிளிக் வேண்டாம், எல்லாரும் ஒரே நேரத்துல வாசிக்கலாம். ஆனா பாடகர் கை மிருதங்கக்காரருக்குத் தெரியற மாதிரி கண்ணாடி இருக்கிற ஸ்டுடியோவா பார்த்துப் புக் பண்ணணும். ஆலாபனை, விருத்தம் எதுக்கும் கிளிக் தேவையில்லை. பின்னால கீபோர்டு, கிட்டார், டிரம்ஸ் சேர்க்கப் போறீங்கன்னா மட்டும் கிளிக் இல்லாம முடியாது.

தாளம் போடற கைதான் இன்னொரு தொல்லை. தொடையில தட்டற சத்தம் மைக்குல சுத்தமா விழும். நாலா மடிச்ச டர்க்கி டவல் ஒண்ணு தொடைமேல போட்டுக்கங்க, இல்லேன்னா விரல்ல எண்ணுங்க. தம்பூரா ஆப்பைப் பக்கத்துல ஓடவிட்டுப் பாடாதீங்க. அது குரல் டிராக்லயே ஏறிடுச்சுன்னா ஒரு வரியை வெட்டி ஒட்டும்போது தம்பூராவும் வெட்டுப்படும், அதை மறைக்க வழியில்லை. தம்பூரா ஹெட்ஃபோன்ல மட்டும்தான் வரணும். ஒரு காதைத் திறந்து வெச்சுப் பாடறவங்க முன்னாடியே சொல்லிடுங்க. திறந்த பக்கத்து ஒலியை நிறுத்திடலாம், இல்லேன்னா கிளிக் அது வழியா மைக்குக்குப் போகும்.

மைக்குக்கும் வாய்க்கும் ஒரு ஜாண். கிட்டப் போனா கீழ்ஸ்தாயி கனத்துடும், விலகினா ரூம் சத்தம் கூடும். தாரஸ்தாயிக்கு ரெண்டு விரற்கடை பின்னால வாங்க, தலையைத் திருப்பாதீங்க. உங்க குரல் ஹெட்ஃபோன்ல எதிரொலி மாதிரி தாமதமா கேட்டா சகிச்சுக்காதீங்க, உடனே சொல்லுங்க. பஃபரை (கம்ப்யூட்டர் ஒலியைச் சேர்த்து வெக்கற அளவை) 128-க்குக் குறைச்சா போதும், அரை நிமிஷ வேலை.

காக்ஸ் டவுன் கோரஸ்

கண்ணாடி வளையல், ஜிமிக்கி, கொலுசு வேண்டாம். பட்டுப்புடவை, கஞ்சி போட்ட வேட்டி ரெண்டும் சரசரக்கும். பழைய காட்டன் நல்லது. சாப்பாடு ரெண்டு மணி நேரம் முன்னாடி, லேசா. வெறும் வயிறா போனாலும் வயிறு கூப்பிடறது பதிவாகும். ஐஸ் வாட்டர் வேண்டாம், சாதாரணத் தண்ணி. போன் ஏரோப்ளேன் மோடில், முடிஞ்சா வெளியிலயே.

புரொடக்‌ஷன், எச்எஸ்ஆர் லேஅவுட்

புக் பண்ணும்போது வாட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்க வேண்டியவை: மைக் வைக்கும் நேரமும் கணக்கில் சேருமா, இன்ஜினியர் சம்பளம் உள்ளடக்கமா, எடிட்டிங்கும் சுருதி திருத்தமும் யார் செலவு, மிக்ஸிங்கில் எத்தனை முறை திருத்தம் கேட்கலாம், கரண்ட் போனால் யுபிஎஸ் உண்டா. நாலு நிமிடப் பாட்டுக்குத் தனிக்குரல் என்றால் இரண்டிலிருந்து மூன்று மணி நேரம் போடுங்கள். ஒரே நாளில் நாலு பாட்டு என்று திட்டம் போட்டால் நாலாவது பாட்டில் தொண்டை நிற்காது.

உரிமையையும் பாருங்கள். தியாகராஜர், தீட்சிதர், பாரதியார் பாட்டுகளின் வரிகளுக்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. பாபநாசம் சிவன் மறைந்தது 1973-இல். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைவுக்குப் பின் 60 ஆண்டு, ஆகவே 2033 முடியும் வரை உரிமை உண்டு. பஜனைதானே என்று அவர் பாட்டை வெளியிட்டால் தளத்திலிருந்து இறக்கும்படி ஆகலாம். இணையத்தில் கிடைக்கும் கரோக்கி டிராக்கின் மேல் பாடுவதும் அதே கதை. டிராக்கைச் செய்தவருக்கும் அதில் உரிமை உண்டு.

எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து வருபவர்கள் சில்க் போர்டு ஜங்ஷன் சாலையை நம்பி நேரம் குறிக்காதீர்கள். மெட்ரோவின் மஞ்சள் லைனில் ஆர்.வி. ரோடு வந்து பச்சை லைனுக்கு மாறலாம், இந்திராநகர் பக்கம் என்றால் மெஜஸ்டிக்கில் இன்னொரு முறை ஊதா லைன். தாமதமானாலும் ஸ்டுடியோ மீட்டர் குறித்த நேரத்தில் ஓட ஆரம்பித்துவிடும்.

முடிந்ததும் மிக்ஸ் மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்பாதீர்கள். ஒவ்வொரு டிராக்கும் தனித்தனி வேவாக, எல்லாம் பாட்டின் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறபடி, கேட்டு வாங்குங்கள். மோனோ, 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் நிமிடத்துக்கு 8.6 எம்பி. ஐந்து நிமிடப் பாட்டில் பத்து டேக் என்றால் 430 எம்பி. 64 ஜிபி பென்டிரைவ் தாராளம், எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மேட் செய்து கொண்டு போங்கள். ஃபேட்32-இல் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைல் ஏறாது, செஷனை ஒரே ஜிப்பாகக் கொடுப்பவர்களிடம் அங்கேதான் மாட்டிக்கொள்வீர்கள்.