3–6 வயசுக்குத் தமிழ் அறிவியல் படப் புத்தகங்கள்: பேர் சொல்லி உதவுங்க

கடலூர் முதுநகர்ல ஒரு வாசிப்பு மூலைக்கு 25 புத்தகம் சேர்க்கிறோம். அம்மா, அப்பா மடியில உட்கார வெச்சு வாசிக்கிறதுக்கு. பக்கத்துக்கு ரெண்டு வரி, பெரிய எழுத்து, 24 பக்கத்துக்கு மேல வேண்டாம். ‘ஒளிச்சேர்க்கை’ன்னு ஆரம்பிக்கிற புத்தகம் இந்த வயசுக்கு ஆகாது.

பெரிய சிக்கல் நிலா. வடக்கே தள்ளி இருக்கிற நாடுகளோட புத்தக மொழிபெயர்ப்புகள்ல பிறை நெட்டுக்குத்தா நிற்கும். நம்ம ஊர் பூமத்திய ரேகையிலிருந்து 12 பாகைக்குள்ள இருக்கு. அதனால சாயங்காலம் மேற்கே மூன்றாம் பிறை சாய்ஞ்ச படகு மாதிரிக் கிடக்கும். பிள்ளை அண்ணாந்து பார்த்துட்டு ‘படம் தப்பு’ம்பான். நம்ம வானத்தை வரைஞ்ச புத்தகம் உண்டா?

செய்முறை இருந்தா காரணமும் ஒரு வரி வேணும். ஆரஞ்சு தோலோட மிதக்கும், உரிச்சுப் போட்டா முங்கும். தோலுக்குள்ள காற்று இருக்குன்னு எழுதாம விட்டா, பிள்ளை கேட்கிறப்போ பெத்தவங்க முழிப்பாங்க.

ஸ்டோரிவீவர்ங்கிற சிறுவர் புத்தக இணையதளத்துல இலவசமா இறக்கி அச்செடுக்கலாம்தான். ஆனா ஸ்டேப்ளர் பின் அடிச்ச புத்தகம் இந்த உப்புக் காத்துல சீக்கிரம் துருப்பிடிச்சு, நடுப்பக்கம் கழன்று வந்துடும். அதனால நூல் தைச்சது, இல்லேன்னா கெட்டி அட்டை. துளிர்ங்கிற சிறுவர் அறிவியல் இதழ் இந்த வயசுக்குக் கொஞ்சம் பெரிசு.

புதுச்சேரியில கையில எடுத்துப் புரட்டிப் பார்த்து வாங்குற கடை இருந்தாலும் சொல்லுங்க.