பின்னலில் ‘பிளாக்கிங்’: தமிழில் எப்படிச் சொல்வது?

மடல் 1

குழுவினர்க்கு வணக்கம்.

கைப்பின்னல் சொற்பட்டியலில் ‘பிளாக்கிங்’ மட்டும் இன்னும் முடியாமல் நிற்கிறது. பின்னி முடித்த சால்வையையோ தொப்பியையோ நனைத்து, வேண்டிய அளவுக்கு விரித்து, குண்டூசி குத்திக் காயவிடும் வேலை இது. பட்டியலின் பழைய வடிவில் ‘தடுத்தல்’ என்று இருக்கிறது. அது அகராதியைப் பார்த்து இட்ட சொல், செயலோடு ஒட்டவில்லை. ‘நிலைநிறுத்தல்’ என்று மாற்றலாமா?

துளைகள் வைத்துப் பின்னும் மெல்லிய வேலைப்பாட்டைக் குறிக்கும் ‘லேஸ்’ என்பதை மாற்றாமல் விட்டிருக்கிறேன். சிலர் ‘சரிகை’ என்று எழுதுகிறார்கள். பட்டுப்புடவையின் ஜரிகைக்கு உரிய சொல் அது. நாகர்கோவில் பகுதியில் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்தே திண்டில் ஊசி குத்தி லேஸ் பின்னுகிறார்கள். அந்தச் சொல் தமிழாகி வெகுகாலம் ஆகிறது.

மடல் 2

> ‘நிலைநிறுத்தல்’ என்று மாற்றலாமா?

வேண்டாம் என்பேன். கம்பளி நூலில் அந்த வடிவம் நிலைப்பதில்லை. கம்பளி இழையின் புரதச் சங்கிலிகளை ஹைட்ரஜன் பிணைப்புகள் பிடித்திருக்கின்றன. தண்ணீர் உள்ளே போனதும் அவை அவிழ்கின்றன. இழுத்துப் பிடித்த நிலையில் காய்ந்தால் புதிய இடத்தில் மறுபடி சேர்கின்றன. அடுத்த முறை துவைத்ததும் எல்லாம் அவிழ்ந்துவிடும், சால்வையைத் திரும்பவும் விரித்துக் குத்தவேண்டும். ‘நிலைநிறுத்தல்’ என்று படித்தவர், துவைத்த லேஸ் சுருங்கிக் கிடப்பதைப் பார்த்துத் தன் பின்னலில்தான் குறை என்று நினைப்பார்.

‘விரித்துலர்த்தல்’ என்று முன்மொழிகிறேன். செய்யவேண்டிய இரண்டும் சொல்லிலேயே இருக்கின்றன. முறையையும் எழுதிவிடுகிறேன், விளக்கப் பகுதிக்கு உதவும்.

வெதுவெதுப்பான தண்ணீரில் 20 முதல் 30 நிமிடம் அமிழ்த்தி வைக்கவேண்டும். கசக்கக்கூடாது: சூடும் அலசலும் சேர்ந்தால் கம்பளி திரண்டு கட்டிவிடும். எடுக்கும்போது இரண்டு கையாலும் மொத்தமாக அள்ளவேண்டும், ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினால் தண்ணீரின் எடையே நூலை இழுத்து நீட்டிவிடும். துண்டில் சுருட்டி, மேலே அழுத்தி ஈரத்தை எடுக்கவேண்டும், முறுக்கக்கூடாது. பிறகு தடித்த ஃபோம் பாயில் விரிப்பது. முக்கோணச் சால்வை என்றால் நடுமுதுகுக் கோட்டை முதலில் குத்தி, அடுத்து மேல்விளிம்பு, அதன்பின் நடுவிலிருந்து இருபுறமும் மாறிமாறி முனைகள். குண்டூசியின் தலை வெளிப்பக்கம் சாய்ந்திருக்கவேண்டும், நேராகக் குத்தினால் இழுவிசையில் பிடுங்கிக்கொள்ளும். துருப்பிடிக்காத ஊசி கட்டாயம், துருக்கறை லேசை விட்டுப் போகாது. நேர்விளிம்பில் ஊசிகள் தள்ளித்தள்ளி இருந்தால் விளிம்பு அலையலையாகக் காயும். அங்கே மெல்லிய எவர்சில்வர் கம்பியை ஓரக் கண்ணிகளில் (பின்னலின் நூல் வளையங்களில்) கோத்து, கம்பியை நிறுத்த ஊசி குத்துவதே சரி.

மடல் 3

விளக்கம் அப்படியே பட்டியலில் ஏறட்டும். சொல்லில்தான் எனக்குத் தடை. எல்லாப் பொருளையும் விரிப்பதில்லை. பெரே என்னும் தட்டையான வட்டத் தொப்பியை ஈரத்தோடு சாப்பாட்டுத் தட்டின்மேல் மாட்டிக் காயவைக்கிறோம். விரிவது தொப்பியின் வட்டம் மட்டுமே, தலையைப் பிடிக்கும் பட்டையைத் தட்டுக்கு அடியில் தளர்வாக விடவேண்டும், அதையும் இழுத்தால் தொப்பி தலையில் நிற்காது. காலுறை அட்டையில் மாட்டிக் காய்கிறது. முறுக்கிய கயிறுபோல மேடாக வரும் கயிற்றுப் பின்னலை விரித்தால் அதன் மேடே தட்டையாகிவிடும். அதைத் தட்டி நேர்செய்து விடுவதோடு சரி.

இன்னொன்று, அக்ரிலிக். நம் கடைகளில் ‘உல்லன்’ என்று கிடைப்பது பெரும்பாலும் அதுதான். அதை நனைத்துக் குத்தினால் ஊசி எடுத்ததும் பழைய சுருக்கத்துக்கே திரும்பிவிடும். அது வெப்பத்தில் இளகும் பிளாஸ்டிக், அதற்கு ஆவி வேண்டும். இஸ்திரிப்பெட்டி துணியில் படாமல் மேலே தூக்கிப் பிடித்து ஆவி மட்டும் விடவேண்டும். அளவு மிஞ்சினால் நூல் துவண்டு பளபளத்துப்போகும், மீட்க வழியில்லை. கம்பளிக்கு ஒவ்வொரு துவைப்பிலும் புதிதாகத் தொடங்கலாம், அக்ரிலிக்குக்கு ஒரே வாய்ப்பு. ஈரம், ஆவி இரண்டுக்கும் பொருந்தும் சொல் ‘படிமானம்’. சட்டை தோளில் படிமானமாக உட்கார்ந்திருக்கிறது என்கிறோமே, அதே பொருள். வினையாகச் சொன்னால் படியவைத்தல்.

மடல் 4

ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்து தீவுகளில் இந்த வேலையைக் குறிக்கும் சொல்லுக்குத் திருத்தி அழகாக்குவது என்பது போன்ற பொருள். அங்கேயும் ரஷ்யாவின் ஓரன்பூர்கிலும் சால்வையை மரச்சட்டத்தில் நூலால் கோத்து இழுத்துக் கட்டுகிறார்கள். ஆகவே பாயும் குண்டூசியும் வரையறைக்குள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். என் வாக்கு ‘படிமானம்’.

மடல் 5 (இரண்டாம் மடல் எழுதியவர்)

‘படிமானம்’ பொதுச்சொல்லாக இருக்கட்டும், ஏற்கிறேன். ஆனால் லேசுக்கு ‘விரித்துலர்த்தல்’ தனிச்சொல்லாக நிற்கவேண்டும், அதிலும் ‘உலர்த்தல்’ போகக்கூடாது. லேஸ் கெடுவது பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான். தொட்டால் ஈரம் தெரியாதபோதே கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்ளே வைத்திருக்கமுடியும். கை காய்ந்துவிட்டது என்று சொல்லும், இழை இன்னும் இளகியே இருக்கும். அப்போது ஊசியைப் பிடுங்கினால் முனைகள் மழுங்கி இலைகளும் பூக்களும் மூடிக்கொள்கின்றன. ஐப்பசி மழையில் சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ ஒரு நாள் முழுக்க வைத்தும் போதாது. மின்விசிறியின் கீழ் இன்னும் ஒரு இரவு விடுவது நல்லது.

அளவுக் கணக்கும் இந்தச் சொல்லோடு வரவேண்டும். அளவு பார்க்க முதலில் பின்னும் மாதிரித்துண்டில் 40 கண்ணி, பின்னல் ஊசியிலிருந்து இறக்கியபோது 16 செ.மீ., விரித்துலர்த்தியபின் 20 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 240 கண்ணிச் சால்வை 96 செ.மீ. அல்ல, 120 செ.மீ. ஆகும். மாதிரித்துண்டை விரித்துலர்த்தாமல் அளந்தவர் நூலைத் தவறாகவே வாங்குவார். அல்பாக்கா என்னும் விலங்கின் முடியில் செய்த நூல் காய்ந்த பிறகும் தன் பாரத்தில் தொங்கி நீளும், அதனால் அதை அளவுக்குச் சற்றுக் குறைவாகவே இழுக்கவேண்டும். இயந்திரத்தில் துவைக்கலாம் என்று விற்கும் கம்பளியில், இழையின் மேலுள்ள நுண்செதில்களை முன்பே மழுக்கியிருப்பார்கள். அது ஈரத்தில் பயமுறுத்தும் அளவுக்கு நீளும்.

மடல் 1 எழுதியவர்

ஏறத்தாழ ஒத்துவந்துவிட்டோம். இப்படிப் பதிகிறேன்:

படிமானம்: பின்னி முடித்த பொருளை ஈரத்தாலோ ஆவியாலோ இளக்கி, வேண்டிய வடிவில் பிடித்து, அந்த வடிவிலேயே உலரவோ ஆறவோ விடுதல். வினை: படியவை. ஈரப்படிமானம், ஆவிப்படிமானம் என்று இருவகை.

விரித்துலர்த்தல்: லேஸ் பின்னலின் துளைகள் திறக்கும்படி இழுத்துப் பிடித்து முழுதும் உலர்த்தும் ஈரப்படிமானம்.

அடுத்தது, கடைசி வரிசையில் கண்ணிகளை மூடுவதற்கான சொல். ‘கண்ணியடைப்பு’ என்று வைத்திருக்கிறேன். இதைத் தள்ளிப்போடவேண்டாம், விரித்துலர்த்தலோடு நேரடித் தொடர்புள்ளது. அடைப்பு இறுகியிருந்தால் எத்தனை ஊசி குத்தினாலும் அந்த விளிம்பு விரியாது. சால்வையின் மற்ற பகுதி விரிய, விளிம்பு மட்டும் வில்போல உள்வளைந்து நிற்கும். மேலும் இழுத்தால் நூல் அறும். ஒரே வழி, அடைப்பைப் பிரித்து 1 அல்லது 2 மி.மீ. பெரிய பின்னல் ஊசியால் தளர்வாக மறுபடி அடைப்பது. தளர்ந்த வகைக்கு ‘நெகிழடைப்பு’ சரிவருமா? ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள்.