பர்லியாருக்கு மேலே கொதித்த எஞ்ஜின்: பழைய கார் வைத்திருப்பவர்களின் அனுபவங்கள்

கோவை அம்பாசடர்

என் அம்பாசடர் காரில், எஞ்ஜின் நீரைக் குளிர்விக்கும் ரேடியேட்டரைக் கழற்றிக் குழாய்களுக்குள் கம்பி விட்டுச் சுத்தம் செய்தாயிற்று. நீரைச் சுழலவிடும் வாட்டர் பாடி, ஃபேன் பெல்ட், இரண்டு ஹோஸ்கள் எல்லாவற்றையும் புதிதாக மாற்றியாயிற்று. எஞ்ஜின் சூடாகும்வரை ரேடியேட்டருக்கு நீர் போகாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் நம் ஊர் வெயிலுக்கு வேண்டாமென்று மெக்கானிக் எடுத்தே விட்டார். அதன் பிறகும் என் மார்க் 2, கல்லாறு தாண்டிக் குன்னூர் மலையில் ஏறும்போது கொதித்தது. அவிநாசி சாலையில் எவ்வளவு தூரம் ஓட்டினாலும் அசையாத வெப்பமானி முள், இரண்டாம் கியரில் பத்து நிமிடம் ஏறினால் சிவப்புக்குப் போய்விடும்.

அன்று பர்லியாருக்கு மேலே ஒரு கொண்டை ஊசி வளைவை ஒட்டி நிறுத்தினேன். பின்னிருக்கையில் அம்மா இருந்தார்; பின்னால் பேருந்து விடாமல் ஒலி எழுப்பியது. அரை மணி நேரமாவது ஆற விட வேண்டும் என்று தெரிந்திருந்தும், பத்து நிமிடத்திலேயே துணியைப் போட்டு மூடியைத் திறந்து, ஓடையில் பிடித்த குளிர்ந்த நீரை ஒரே மூச்சில் ஊற்றினேன். எஞ்ஜினுக்குள்ளிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம் வந்தது. கண்ணாடி டம்ளரில் வெந்நீர் ஊற்றினால் விரிசல் விடும்போது வருமே, அதே சத்தம். மறுநாள் ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்தால் ஆயில் பால் தேநீர் நிறத்தில் இருந்தது; அதில் நீர் கலந்துவிட்டது.

எஞ்ஜினின் மேல்மூடியான ஹெட்டை இறக்குவதற்காக நீரை வடித்தபோதுதான் உண்மை தெரிந்தது. சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்கின் பின்பக்கத்தில் இருக்கும் வடிகுழாயைத் திறந்தால் ஒரு சொட்டுக்கூட வரவில்லை. கம்பியால் குத்தியதும் செம்மண் சேறு போல ஒன்று மெல்லப் பிதுங்கியது. பிளாக்கின் பக்கவாட்டுத் துளையை அடைத்திருக்கும் கோர் பிளக் என்ற தகட்டைத் தட்டி எடுத்துவிட்டு, நான்காவது சிலிண்டரைச் சுற்றிக் கெட்டிப்பட்டிருந்த துருச்சேற்றைத் திருப்புளியால் சுரண்டி அள்ளினோம். இரண்டு கைப்பிடி இருந்தது. ரேடியேட்டர் எவ்வளவு சுத்தமாக இருந்து என்ன பயன், நீர் அந்தச் சிலிண்டருக்குப் போகவே இல்லை. சிறுவாணி நீர் குடிக்கும் ஊரில் இருந்துகொண்டு, காருக்கு மட்டும் பல ஆண்டுகளாக ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றி வந்திருக்கிறேன். ஹெட்டில் இரண்டு வால்வு இருக்கைகளுக்கு நடுவே மயிரிழை போல விரிசல். புறப்படும் முன் அந்த வடிகுழாயைத் திறந்து பார்க்க எனக்கு ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

மதுரை பத்மினி

ஐயா, உங்கள் மெக்கானிக் தெர்மோஸ்டாட்டை எடுத்தது தவறு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தெர்மோஸ்டாட் ஒரு கதவு, அவ்வளவுதான். நீர் சூடானால் அது முழுதாகத் திறந்துவிடும். திறந்த கதவைக் கழற்றுவதால் மலையேற்றத்தில் எதுவும் குளிர்ந்துவிடாது. மாறாக, சமவெளியில் எஞ்ஜின் தேவையான சூட்டுக்கு வராமல் பெட்ரோல் வீணாகும். ஆயிலிலும் கசடு சேரும். சந்தேகம் இருந்தால் அதை நூலில் கட்டி ஒரு பாத்திரத்து நீரில் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள். அதன் மேல் 82 என்று பொறித்திருந்தால் அந்தச் சூட்டை ஒட்டித் திறக்கத் தொடங்க வேண்டும். திறக்காவிட்டால் புதியது வாங்குங்கள், எடுத்து எறியாதீர்கள்.

என் அனுபவம் சிறியது. வத்தலகுண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும்போது, பெருமாள்மலைக்குக் கீழே என் பத்மினி கார் இருமி இருமி நின்றது. எஞ்ஜின் கொதித்துவிட்டது என்று நினைத்து ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அவ்வழியே வந்த லாரி ஓட்டுநர் ஒருவர் எதுவும் பேசாமல் என் தோளில் கிடந்த துண்டை உருவி, குடிநீரில் நனைத்து, எஞ்ஜினின் பக்கவாட்டில் இருந்த பெட்ரோல் பம்பின் மேல் சுற்றினார். ஐந்தே நிமிடத்தில் வண்டி கிளம்பியது. சூட்டில் குழாய்க்குள் பெட்ரோல் ஆவியாகி அடைத்திருக்கிறது. ரேடியேட்டரில் ஒரு குறையும் இல்லை. அவருக்கு நன்றி சொல்வதற்குள் லாரி வளைவைத் தாண்டிவிட்டது.

கண்டி மைனர்

எங்கள் மோரிஸ் மைனருக்குச் சேறும் இல்லை, தெர்மோஸ்டாட்டும் பழுதில்லை. கொழும்பிலிருந்து கண்டி திரும்பும்போதெல்லாம் கடுகண்ணாவ ஏற்றத்தில் கொதிக்கும். ஒரு நாள் மாலை இருட்டிய பிறகு, அங்கே சாலைக்காகத் துளைத்த பாறைக்குச் சற்றுக் கீழே நிறுத்தி பொனட்டைத் தூக்கினேன். டார்ச் அடிக்கும் முன்பே புகைபோக்கிக் குழாயின் மேற்பகுதி, எஞ்ஜினோடு சேரும் இடம், மங்கலான செந்நிறத்தில் ஒளிர்ந்துகொண்டிருந்தது. பகலில் எத்தனையோ தடவை பார்த்த அதே இரும்பு. அப்படி ஒன்றை அதற்கு முன் நான் கண்டதில்லை. பயந்துபோய் மனைவியையும் பிள்ளைகளையும் இறங்கித் தள்ளி நிற்கச் சொன்னேன்.

ஏற்றத்தில் எஞ்ஜின் தட்டுகிறது என்று நான் முறையிட்டதால் கராஜ்காரர், சிலிண்டர்களுக்குத் தீப்பொறியைப் பகிர்ந்தளிக்கும் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி, தீப்பொறி பிந்தி விழும்படி வைத்திருந்தார். தட்டல் நின்றது. ஆனால் தாமதமாகப் பற்றும் பெட்ரோல் பிஸ்டனைத் தள்ளி முடிக்காமல் எரிந்தபடியே வெளியேறும்; அந்தச் சூடு முழுவதும் ஹெட்டுக்கும் அதைச் சுற்றியுள்ள நீருக்கும் போகும். தீப்பொறி விழும் நேரத்தைக் கையேட்டின்படி வைத்து, அந்த நேரத்தை வேகத்துக்கேற்ப மாற்றுவதற்காக டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும், துருப்பிடித்து இறுகியிருந்த எடைகளுக்கு எண்ணெய் விட்ட பிறகு அது கொதித்ததே இல்லை. இதற்குள் மூன்று ரேடியேட்டர் கடைகளுக்குக் காசு கொடுத்திருந்தேன்.

சேலத்துக்காரர்

ஏற்காடு மலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைத் தாண்டியபோது என் மாமா ரேடியேட்டர் மூடியைத் திறந்து முன்கை முழுதும் வெந்துகொண்டார். எனக்கு அப்போது பதினொரு வயது. அவர் கத்தவில்லை, கையைத் தூக்கிப் பிடித்தபடி கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். ஆகவே இங்கே எழுதியவர்கள் யாரும் மூடியின் முக்கியத்தைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லாதது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மூடி வெறும் தகரமன்று. அதன் சுருள்வில் தாங்கும் ஒவ்வொரு பவுண்டு அழுத்தத்துக்கும் நீரின் கொதிநிலை ஏறத்தாழ ஒன்றரை டிகிரி செல்சியஸ் உயர்கிறது. 7 பவுண்டு மூடி நன்றாக இருந்தால் தரைமட்டத்தில் 110 டிகிரிவரை நீர் கொதிக்காது. மலையிலோ ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஒரு டிகிரி குறைந்துகொண்டே போகும். உதகையின் உயரத்தில் திறந்த பாத்திரத்து நீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரப்பர் வளையம் காய்ந்து வெடித்த மூடியோடு மலையேறுவது திறந்த பாத்திரத்தோடு ஏறுவதற்குச் சமம். அதற்காகப் புதுக் கார்களின் 13 பவுண்டு மூடியைப் போட்டுவிடாதீர்கள். ஈயப் பற்று வைத்த பழைய ரேடியேட்டரின் ஓரங்கள் பிளந்துவிடும். பொருத்தமான அளவு உங்கள் காரின் கையேட்டில் இருக்கும்.

கோவை ஐயா, நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். இனி காய்ச்சி வடித்த நீரும் துருத்தடுப்பு கலந்த கூலன்ட்டும் மட்டும் ஊற்றுங்கள். குளிர்ந்த எஞ்ஜினை மூடியில்லாமல் இயக்கி ரேடியேட்டர் வாயைக் கவனியுங்கள். குமிழிகள் விடாமல் வந்தால் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் கேஸ்கெட் தகடு போய்விட்டது என்று பொருள். வழியில் கொதித்தால், ஆறிய பிறகு, எஞ்ஜினை ஓடவிட்டபடி சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும்.

கோவை அம்பாசடர்

மதுரை நண்பர் சொன்னபடி தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போட்டுவிட்டேன். அடுப்புச் சோதனையும் செய்தேன். பிளாக்கை அமிலம் இல்லாமல், நீரை எதிர்த்திசையில் பாய்ச்சியே இரண்டு நாள் கழுவினோம். ஹெட், பழைய பொருள் கடையில் கிடைத்த வேறொன்று. சென்ற மாதம் குன்னூர்வரை போய் வந்தேன். முள் பாதியைத் தாண்டவில்லை. அதே வளைவில் நிறுத்தி, ஆற விட்டு, வடிகுழாயைத் திறந்தேன். கூலன்ட்டின் பச்சை நிறத்தோடு நீர் தாராளமாக வந்தது. அம்மா இறங்கி வந்து கைவிரலை நீட்டிப் பார்த்தார்.

விரிசல் விட்ட ஹெட்டை இன்னும் வீட்டில் வைத்திருக்கிறேன். அந்தப் பிளவின் ஓரங்களில் கரி படிந்திருப்பதால் அது நெடுநாள் விரிசலாக இருக்கும் என்று லேத் பட்டறைக்காரர் சொல்கிறார். என் மெக்கானிக்கோ அன்று ஊற்றிய நீரால்தான் என்கிறார். அந்தச் சத்தத்தைக் கேட்டவன் நான் ஒருவன்தான்.