நல்ல காணொளிகளைப் பார்ப்பதும் வீண்பொழுதா?

கேள்வி (வெள்ளவத்தை வாசகர்):
நான் கொழும்பு கோட்டைப் பகுதியில் ஒரு நிறுவனத்தில் கணக்காளராகப் பணிபுரிகிறேன்; எங்கள் மெதடிஸ்த திருச்சபையில் ஞாயிறு பாடசாலை ஆசிரியராகவும் இருக்கிறேன். இணையத்தில் வீணாகும் நேரம் என்றால் சினிமா, கிரிக்கெட், வம்பு ஆகியவற்றைத்தான் பலரும் குறிப்பிடுகிறார்கள். எனக்கு அவற்றில் நாட்டமில்லை. 100ஆம் இலக்கப் பேருந்தில் ஏறியது முதல் நள்ளிரவு வரை நான் பார்ப்பவை பிரசங்கங்கள், வேதாகம விளக்கங்கள், ஒரு போதகரை இன்னொரு போதகர் மறுத்துப் பேசும் காணொளிகள் ஆகியவையே. ஆனால் அடுத்த ஞாயிறுக்கான பாடத்தை ஆயத்தம் செய்வதும், வகுப்புக்கு வராமல் நின்றுவிட்ட பிள்ளைகளின் வீடுகளுக்குச் சென்று விசாரிப்பதும் வாரத்துக்கு வாரம் தள்ளிப்போகின்றன. தேவன் தந்த அழைப்புக்கு உண்மையாயிருப்பதை வைத்துப் பார்த்தால், இதை வீண்பொழுது என்பதா, கற்றல் என்பதா?

பதில் 1 (தெஹிவளை, ஓய்வுபெற்ற ஆசிரியர்):
தம்பி, நீங்கள் எழுதியதில் 'நள்ளிரவு' என்பதுதான் முதலில் என் கண்ணில் பட்டது. 'நாட்கள் பொல்லாதவைகளானதால், காலத்தைப் பிரயோஜனப்படுத்திக்கொள்ளுங்கள்' என்னும் எபேசியர் 5:16ஐ எடுத்துக்கொண்டு மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி எழுதிய பிரசங்கம், பெரும்பகுதியும் தூக்கத்தைப் பற்றியதே. உடலின் இயல்புக்குத் தேவையான அளவு தூங்குங்கள், அதற்கு மேல் வேண்டாம் என்பது அவர் வாதம். அவர் காலத்தவர் அதிகம் தூங்கி இழந்த காலைப்பொழுதை நாம் தூங்காமலிருந்து இழக்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம். அழைப்பு குருமாருக்கு மட்டும் உரியதன்று என்று 16ஆம் நூற்றாண்டிலேயே திருச்சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் வலியுறுத்தினார். அப்படியானால் உங்கள் அலுவலகக் கணக்கும் அழைப்பில் அடங்கும். கண் எரிச்சலோடு அதன்முன் போய் உட்காருவதையும் இந்தக் கேள்வியோடு சேர்த்தே எண்ணிப்பாருங்கள்.

பதில் 2 (கொட்டாஞ்சேனை, கத்தோலிக்க வாசகி):
இதைக் கற்றல் என்று ஏற்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது. 4ஆம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைநிலத்தில் வாழ்ந்த துறவி எவாக்ரியுஸ், தம் போன்றவர்களை நண்பகலில் தாக்கும் ஒரு சோர்வை விவரித்திருக்கிறார். அது வந்தால் பகல் ஐம்பது மணி நேரம் நீள்வதாகத் தோன்றும். துறவி அடிக்கடி வெளியே எட்டிப் பார்ப்பார். தன் இடமும் தன் கைவேலையும் அவருக்குக் கசந்துபோகும். அவர் வழியில் எழுதிய யோவான் கசியன் இன்னும் நுட்பமான ஒன்றைச் சேர்க்கிறார். அந்தச் சோர்வு கெட்ட ஆசையாக மட்டும் வருவதில்லை. தொலைவில் இருக்கும் நோயாளியைப் போய்ப் பார்க்க வேண்டும், ஆதரவற்ற ஒரு பெண்ணுக்கு உதவ வேண்டும் என்று பக்தியின் உடையிலும் வரும். துறவி தம் அறையைவிட்டுக் கிளம்பிவிட்டால் போதும், அதன் நோக்கம் நிறைவேறிவிடும். உங்கள் காணொளிகளும் இந்த வகைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. நல்லவை என்பதாலேயே அவற்றை நிறுத்துவது கடினம். அவற்றில் பேசும் போதகர்கள் உங்கள் பொறுப்பில் விடப்பட்டவர்கள் அல்லர். வராமல் நின்ற பிள்ளைகளோ உங்கள் பொறுப்பில் விடப்பட்டவர்கள். எவாக்ரியுஸ் சொன்ன மருந்தும் எளிதானது: அறையைவிட்டு ஓடாமல் பொறுமையோடு அங்கேயே நிலைத்திரு. உங்களுடைய அறை எது என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். அது அந்த ஞாயிறு வகுப்பு என்றே நான் நினைக்கிறேன்.

பதில் 3 (பம்பலப்பிட்டி, மென்பொருள் பொறியியலாளர்):
சகோதரி சொல்வதில் பாதியை ஏற்கிறேன். எல்லாவற்றையும் ஆத்துமாவின் சோர்வாகக் கொண்டால், கருவியைச் செய்தவர்கள் தப்பிவிடுகிறார்கள். பக்கம் முடியாமல் கீழே நீண்டுகொண்டே போகும் அமைப்பை 2006இல் வடிவமைத்த அசா ரஸ்கின், பின்னாளில் அதற்காக வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார். ஒரு காணொளி முடிந்ததும் அடுத்தது தானாகத் தொடங்குவதும் நம்மை நிறுத்தவிடாமல் பார்க்கவைக்கத்தான். ஆகவே முதலில் அந்தத் தானியங்கு வசதியை நிறுத்துங்கள். பாடத்தை அச்சிட்ட வேதாகமத்தை விரித்து ஆயத்தம் செய்யுங்கள்.

ஆனால் தொலைபேசியையே விலக்கிவிடும்படி யாரேனும் சொன்னால் கேட்க வேண்டாம். 2020இல் ஊரடங்கின்போது ஆலயங்கள் மூடியிருந்தன; அப்போது வீட்டைவிட்டு வெளியேற முடியாத முதியவர்களுக்கு ஆராதனை இந்தத் திரை வழியாகத்தான் சென்றது. உங்கள் பிள்ளைகளின் பெற்றோருடைய இலக்கங்களும் அதே தொலைபேசியில்தானே இருக்கின்றன? இன்றிரவு ஒருவரையாவது அழைத்து, சனிக்கிழமை வீட்டுக்கு வரலாமா என்று கேளுங்கள்.