மிரோஸ்லாவ் குளோசேயைப் பெரிய ஸ்ட்ரைக்கர்களின் வரிசையில் வைக்கலாமா?

கேள்வி: தெற்குவாசல்

அனைவருக்கும் வணக்கம். 2014 உலகக் கோப்பையிலிருந்து எனக்கும் என் அண்ணனுக்கும் இடையே தீராமல் இருக்கும் ஒரு வாதத்தை இங்கே வைக்கிறேன். அந்தத் தொடரில் ஜெர்மனியின் ஸ்ட்ரைக்கர் (கோல் அடிப்பதையே முதன்மை வேலையாகக் கொண்ட முன்வரிசை வீரர்) மிரோஸ்லாவ் குளோசே தம் 16-ஆவது உலகக் கோப்பைக் கோலை அடித்து, 15 கோல்களுடன் இருந்த பிரேசிலின் ரொனால்டோவைத் தாண்டினார். அண்ணனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. நான்கு தொடர்கள் ஆடி, வலுவில்லாத அணிகளுக்கு எதிராகச் சேர்த்த எண்ணிக்கை அது என்கிறார். 2002-இல் சவூதி அரேபியாவை ஜெர்மனி 8-0 என்று வென்ற ஆட்டத்தில் குளோசே அடித்த மூன்று கோல்களை எப்போதும் சான்றாகக் காட்டுகிறார். பேயர்ன் மியூனிக் அணிக்காக 98 புண்டெஸ்லிகா (ஜெர்மனியின் முதல்நிலை லீக்) ஆட்டங்களில் 24 கோல்கள்தான் அடித்தார் என்பதும் அவருடைய வாதம்.

எண்கள் எனக்கும் தெரியும். இருந்தாலும் அவருடைய ஆட்டங்களைப் பார்த்தபோது இவர் சாதாரண ஆட்டக்காரர் அல்லர் என்றே தோன்றியது. அது ஏன் என்று எடுத்துச் சொல்லத்தான் எனக்கு வரவில்லை. நீண்ட காலமாகக் கால்பந்து பார்ப்பவர்களும் ஆடியவர்களும் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: கணக்குநோட்டு

உங்கள் அண்ணன் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. முதலில் அதை ஒப்புக்கொண்டு தொடங்குவோம். 2002-இல் அவர் அடித்த ஐந்து கோல்களும் முதல் சுற்றில், சவூதி அரேபியா, அயர்லாந்து, கேமரூன் ஆகிய அணிகளுக்கு எதிராக வந்தவை. அதன்பின் இறுதி ஆட்டம் வரை அவர் கோல் அடிக்கவே இல்லை. 2006-இல் கோஸ்டாரிகா, ஈக்வடார் அணிகளுக்கு எதிராக இரண்டிரண்டு, காலிறுதியில் அர்ஜென்டினாவுக்கு எதிராக ஒன்று. 2010-இல் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஒன்று, இங்கிலாந்துக்கு எதிராக ஒன்று, அர்ஜென்டினாவுக்கு எதிராக இரண்டு. 2014-இல் கானாவுக்கு எதிராக ஒன்று, அரையிறுதியில் பிரேசிலுக்கு எதிராக ஒன்று. ஆக, 16-இல் 11 கோல்கள் முதல் சுற்றிலும் 5 கோல்கள் வெளியேற்றச் சுற்றுகளிலும் வந்திருக்கின்றன.

ஆனால் அந்த ஐந்து யாருக்கு எதிராக என்று பாருங்கள்: அர்ஜென்டினாவுக்கு எதிராக மூன்று, இங்கிலாந்துக்கு எதிராக ஒன்று, பிரேசிலுக்கு எதிராக ஒன்று. இவற்றை எளிய அணிகள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இன்னொன்றையும் அண்ணனிடம் சொல்லுங்கள்: பதினாறில் ஒன்றுகூட பெனால்டி கிக் மூலம் வந்ததன்று. தேசிய அணிக்காக அவர் அடித்தவை 137 ஆட்டங்களில் 71 கோல்கள். அவர் கோல் அடித்த எந்தச் சர்வதேச ஆட்டத்திலும் ஜெர்மனி தோற்றதில்லை.

கழக ஆட்டங்களைப் பற்றி: கைசர்ஸ்லாட்டர்னில் 120 புண்டெஸ்லிகா ஆட்டங்களில் 44 கோல்கள், வெர்டர் பிரேமனில் 89 ஆட்டங்களில் 53 கோல்கள், அதன்பின் நீங்கள் சொன்ன பேயர்ன் எண்ணிக்கை. பிரேமனில் 2005-06 பருவத்தில் 25 கோல்களுடன் புண்டெஸ்லிகாவில் முதலிடம் பெற்றார். ஒரே ஆட்டக்காரர் ஓரிடத்தில் அப்படியும் இன்னோரிடத்தில் இப்படியும் இருந்திருக்கிறார் என்றால், சுற்றியிருந்த அணியையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

பதில்: பழைய கோல்கீப்பர்

மாவட்ட லீக் ஆட்டங்களில் பத்தாண்டுகளுக்கு மேல் கோல் காத்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். எங்களை அஞ்ச வைத்த ஸ்ட்ரைக்கர்களில், தொலைவிலிருந்து பலமாக உதைப்பவர்கள் இரண்டாம் வகையினர்தான், ஏனெனில் அவர்களுடைய கால் பின்னே போவதைப் பார்த்தே நாங்கள் தயாராகிவிடுவோம். உண்மையான அச்சம், பந்து பக்கவாட்டிலிருந்து கிராஸாக வரும் நேரத்தில் ஒரு கணம் கண்ணிலிருந்து மறைந்துபோகும் ஆட்டக்காரரைப் பற்றியது. குளோசே அந்த வகை. பந்து விங்கில், அதாவது மைதானத்தின் ஓரத்தில், இருக்கும்போது டிஃபெண்டரின் (தடுப்பாட்டக்காரரின்) முதுகுக்குப் பின்னால் நின்றுகொள்வார்; டிஃபெண்டர் பந்தைப் பார்த்தால் அவரைப் பார்க்க முடியாது, அவரைப் பார்த்தால் பந்தைப் பார்க்க முடியாது. கிராஸ் புறப்படும் அந்த நொடியில் இரண்டே அடி முன்னால் வந்து அருகிலிருக்கும் கோல் கம்பத்தை நோக்கிப் பாய்வார். 2002-இன் ஐந்து கோல்களையும் தலையால் அடித்தார் என்பது பலருக்கும் நினைவிருக்கும். அவர் அப்படியொன்றும் பெரிய உயரம் உடையவர் அல்லர், ஏறக்குறைய 6 அடிதான். உயரத்தைவிட, எப்போது தரையை விட்டு எழ வேண்டும் என்ற கணிப்பே அவருக்குக் கை கொடுத்தது.

இரண்டு கோல்களை மட்டும் நிதானமாகப் பார்க்கச் சொல்லுவேன். முதலாவது, 2010-இல் புளோம்ஃபோன்டைனில் இங்கிலாந்துக்கு எதிராக 20-ஆவது நிமிடத்தில் அடித்தது. ஜெர்மனியின் கோல் கீப்பர் நொய்யர் கோல் கிக்கை (தம் கோலின் முன்னிருந்து ஆட்டத்தை மறுபடி தொடங்கும் உதையை) நெடுந்தொலைவுக்கு உதைக்கிறார். கோல் கிக்கிலிருந்து நேரடியாக வரும் பந்துக்கு ஆஃப்சைட் (எதிரணியின் தடுப்பு வரிசையைத் தாண்டி நின்று பந்தைப் பெறும் தவறு) கிடையாது என்ற விதி எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதை நம்பி எதிரணியின் கடைசி வரிசையைக் கடந்து ஓடத் தொடங்கும் துணிவு எல்லாருக்கும் வராது. பந்து ஒருமுறை தரையில் மோதி எழுகிறது, இங்கிலாந்தின் டிஃபெண்டர் அப்சன் அவரைத் தோளால் தள்ளிப் பார்க்கிறார், குளோசே தம் உடலைப் பந்துக்கும் அவருக்கும் நடுவே வைத்துக்கொண்டு, சரிந்து விழுந்தபடியே காலின் நுனியால் கோல் கீப்பரைத் தாண்டித் தள்ளிவிடுகிறார். அழகான கோல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எனக்கு அதில் அவ்வளவு பாடம் இருக்கிறது.

இரண்டாவது, 2014-இல் ஃபோர்டலேசாவில் கானாவுக்கு எதிரானது. ஜெர்மனி 1-2 என்று பின்தங்கியிருந்தது. 69-ஆவது நிமிடத்தில் மாற்று வீரராக உள்ளே வந்தவர், 71-ஆவது நிமிடத்தில் சமன் செய்தார். கார்னரிலிருந்து வந்த பந்தைச் சக வீரர் ஹொவெடஸ் தலையால் தட்டிவிட, தொலைவிலிருந்த கம்பத்தின் அருகே குளோசே காலை நீட்டிச் சறுக்கி வந்தார். அவருக்கு அப்போது 36 வயது. ஆட்டத்தின் வேகத்துக்கு உடல் பழகும் முன்பே அந்தப் பந்து எங்கே வந்து விழும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. கோல் கீப்பராக நின்றிருந்தால் அந்தப் பந்துக்கு என்னால் எதுவும் செய்திருக்க முடியாது. அவரை முன்னரே ஒரு டிஃபெண்டர் பிடித்திருக்க வேண்டும்.

பதில்: வலதுவிங்

மேலே இருவரும் சொன்னவற்றுடன் ஒத்துப்போகிறேன். ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன்: அவர் மிகத் தாமதமாகத் தொடங்கியவர். 1978-இல் போலந்தின் ஒப்போலே நகரில் பிறந்தார். தந்தை பிரான்சின் ஓசேர் அணிக்காக ஆடிய தொழில்முறை வீரர், தாய் போலந்து ஹேண்ட்பால் அணியின் கோல் கீப்பர். எட்டு வயதில் ஜெர்மனிக்கு வந்து, குசல் என்ற சிற்றூர்ப் பகுதியில் வளர்ந்தார். பெரிய கழகங்களின் பயிற்சிக் கூடம் எதுவும் அவரை எடுத்து வளர்க்கவில்லை. தச்சுத் தொழில் கற்றுக்கொண்டே ஏழாம் நிலை லீக்கில் ஊர் அணிக்காக ஆடினார். 1998-இல் ஹோம்பர்க், 1999-இல் கைசர்ஸ்லாட்டர்னின் இரண்டாம் அணி, 2000-இல் புண்டெஸ்லிகா, 2001 மார்ச்சில் அல்பேனியாவுக்கு எதிராகத் தேசிய அணியில் முதல் ஆட்டம். அதிலேயே மாற்று வீரராக வந்து 88-ஆவது நிமிடத்தில் வெற்றிக் கோல். மூன்றே ஆண்டுகளில் ஒருவர் கடந்து வந்த தூரம் இது.

பேயர்ன் எண்ணிக்கையைப் பற்றி அண்ணனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். 2009-10 பருவத்தில் அவர் புண்டெஸ்லிகாவில் மூன்றே கோல்கள்தான் அடித்திருந்தார். அப்படியிருந்தும் தேசிய அணியின் அன்றைய பயிற்சியாளர் யோவாகிம் லோவ் அவரையே தென்னாப்பிரிக்காவுக்கு அழைத்துச் சென்று முன்வரிசையில் நிறுத்தினார். அவர் நான்கு கோல்கள் அடித்தார், அவற்றில் இரண்டு அர்ஜென்டினாவை 4-0 என்று வென்ற அவருடைய நூறாவது சர்வதேச ஆட்டத்தில் வந்தவை. பேயர்னில் அவர் பல ஆட்டங்களில் வெளியே உட்கார்ந்திருந்தார். தேசிய அணியிலோ அவருடைய ஓட்டத்தை அறிந்த ஷ்வைன்ஷ்டைகர், பொடோல்ஸ்கி, ஓசில் ஆகியோர் சுற்றிலும் இருந்தனர். பாக்ஸுக்குள் (கோலுக்கு முன்னுள்ள பெனால்டி பகுதிக்குள்) வாழும் ஸ்ட்ரைக்கருக்குப் பந்து எந்த நேரத்தில் வருகிறது என்பதே பாதி வாழ்க்கை.

அவருடைய நேர்மையையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 2012 செப்டம்பரில் இத்தாலியின் லாட்சியோ அணிக்காக நாப்போலிக்கு எதிராக ஆடியபோது, கோல் இல்லாத நிலையில் அவர் அடித்த பந்தை நடுவர் கோல் என்று அறிவித்துவிட்டார். கையால் பட்டது என்று குளோசே தாமே நடுவரிடம் சொன்னார், கோல் நீக்கப்பட்டது. அந்த ஆட்டத்தில் லாட்சியோ 0-3 என்று தோற்றது. அதற்கு முன்பு, 2005-இல் பிரேமனுக்காக ஆடியபோதும் தமக்குக் கொடுக்கப்பட்ட பெனால்டி தவறு என்று நடுவரிடம் சொல்லியிருக்கிறார். கோல்தான் தொழில் என்று வாழும் ஒருவர் இதைச் செய்வது எவ்வளவு கடினம் என்பதை ஆடியவர்கள் அறிவார்கள்.

தெற்குவாசல்

மூவருக்கும் மிக்க நன்றி. கோல் கிக் பற்றிய விளக்கத்தை அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன். அந்தக் கோலை மறுபடியும் பார்த்துவிட்டு, ஓட்டம் நன்றாகவே இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். ஆனால் உடனே ஜெர்மனியின் பழைய ஸ்ட்ரைக்கர் கெர்ட் முல்லரைக் கொண்டு வந்துவிட்டார். முல்லர் தேசிய அணிக்காக 62 ஆட்டங்களில் 68 கோல்கள் அடித்தவர், அவரைக் குளோசே தாண்டியது ஆட்டங்களின் எண்ணிக்கையால்தானே என்கிறார். இதற்கு என்ன சொல்வது?

பதில்: கணக்குநோட்டு

இதில் அண்ணன் பக்கமே நான் நிற்கிறேன். முல்லர் உலகக் கோப்பைகளில் 13 ஆட்டங்களில் 14 கோல்கள் அடித்தவர். குளோசே 24 ஆட்டங்களில் 16. கோல் அடிப்பதில் முல்லருக்கு இணையாக ஜெர்மனியில் இன்னொருவர் பிறக்கவில்லை என்றே நினைக்கிறேன், குளோசேயைப் போற்றுவதற்கு முல்லரைக் குறைக்க வேண்டியதில்லை. 24-ஆவது வயதிலும் 36-ஆவது வயதிலும் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் முதல் பதினொருவரில் ஒருவராக இறங்கியது வேறு வகைப் பெருமை. 2002, 2006, 2010, 2014 ஆகிய நான்கு தொடர்களிலும் ஜெர்மனி முதல் மூன்று இடங்களுக்குள் வந்தது. நான்கிலும் அவர் இருந்தார்.

பதில்: பழைய கோல்கீப்பர்

முல்லரைப் பற்றி மேலே சொன்னதை அப்படியே ஏற்கிறேன். அண்ணனும் நீங்களும் சேர்ந்து பார்ப்பதற்கு ஓர் ஆட்டத்தைச் சொல்கிறேன்: 2006 காலிறுதி, பெர்லின். 49-ஆவது நிமிடத்தில் அயாலா அடித்த கோலால் அர்ஜென்டினா முன்னிலை பெற்றது. வெற்றியைக் காத்துக்கொள்ள எண்ணி அவர்கள் தாக்குதல் ஆட்டக்காரர்களான ரிக்கெல்மேயையும் கிரெஸ்போவையும் வெளியே எடுத்தார்கள். 80-ஆவது நிமிடத்தில் இடப்பக்கத்திலிருந்து ஜெர்மனியின் பல்லாக் கிராஸ் அடிக்கிறார், பொரோவ்ஸ்கி அதைத் தலையால் தட்டிவிடுகிறார். அதிலிருந்து குளோசே அடித்த சமன் கோலைப் பார்ப்பதற்கு முன், பல்லாக்கின் காலில் பந்து இருக்கும் நேரத்தில் படத்தை நிறுத்தி, குளோசே எங்கே நிற்கிறார் என்று தேடுங்கள். அங்கிருந்து அவர் வைக்கும் அடிகளை எண்ணுங்கள்.