குளிர் ஸ்டார்ட்டில் டிக் டிக்: யாருக்கு என்ன ஆனது?

ஒட்டன்சத்திரம் லோடு:

காமன் ரெயில் டீசல் பிக்கப் (ஒரே பொதுக் குழாயிலிருந்து எல்லா சிலிண்டருக்கும் ஹை பிரஷரில் டீசல் போகிற வகை), இரண்டரை லிட்டர் இன்ஜின். சத்தத்தை இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. விடியற்காலை சாவி போட்டதும் டிக் டிக் டிக், மார்க்கெட் வாசல் வருவதற்குள் காணாமல் போய்விடும். முதல் ஒர்க்‌ஷாப்பில் டேப்பட் (வால்வைத் தள்ளுகிற பாகம்) என்றார்கள். மாற்றினார்கள், காசு கொடுத்தேன், சத்தம் அப்படியே இருந்தது. இரண்டாவது இடத்தில் "இன்ஜினை இறக்கித்தான் பாக்கணும்" என்று ஒரு தொகை சொன்னார்கள். அந்தப் பணத்துக்கு இன்னொரு பழைய வண்டியே வாங்கிவிடலாம்.

கடைசியில் பழனி ரோட்டில் சைலன்ஸர் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் பெரியவரிடம் போனேன். அவர் பானட்டையே திறக்கவில்லை. "ராத்திரி வண்டிய இங்கயே விட்டுட்டுப் போப்பா, காலைல வா" என்றார். காலையில் நான் ஸ்டார்ட் பண்ண, அவர் ஒரு துண்டு ரப்பர் ஹோஸை எடுத்து ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு மறுமுனையை எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியே விடுகிற குழாய்) ஓரமாக மெல்ல நகர்த்தினார். மூன்றாவது சிலிண்டரிடம் வந்ததும் ஹோஸை என் காதுக்கு மாற்றினார். காதுக்குள் யாரோ விரலால் சுண்டுவது போல இருந்தது! டார்ச் அடித்துப் பார்த்தால் மேனிஃபோல்டு கசியாமல் அடைக்கிற கேஸ்கட் ஓரம் கரி வழிந்த தடம். மேனிஃபோல்டை இறுக்கிப் பிடிக்கிற மேல் ஸ்டட் உடைந்து நட்டோடு எங்கேயோ விழுந்திருக்கிறது. அவர் காட்டிக்கொண்டிருக்கும்போதே சத்தம் மெலிந்து நின்றுவிட்டது. "சூடேறி விரிஞ்சு ஒட்டிக்கிச்சு. இனி நாளைக்குத்தான் கத்தும்" என்றார்.

எனக்கு உறுத்துவது இதுதான்: முதல் இரண்டு இடத்திலும் வண்டியைப் பார்த்தது பதினோரு மணிக்கு, நான் ஓட்டிக்கொண்டு போய் நிறுத்திய சூட்டில். அவர்கள் காதில் விழாத சத்தத்துக்கு டேப்பட் மாற்றியிருக்கிறார்கள்.

மலைக்கேரட்:

அண்ணே, உங்களுக்கு மேனிஃபோல்டு, சரி. அதற்காக டேப்பட் என்று சொன்னவர்கள் எல்லாரும் திருடர்கள் இல்லை. நான் நீலகிரி கேத்தியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு கேரட் இறக்குகிறவன். என் வண்டியில் ஹைட்ராலிக் டேப்பட், உள்ளே ஆயில் நிரம்பினால்தான் சத்தமில்லாமல் ஓடும். ஜனவரி உறைபனியில் ஸ்டார்ட் பண்ணினால் ஐந்தாறு நொடி டிக் டிக், அப்புறம் பட்டென்று நிற்கும். உங்களுடையது சூடேறச் சூடேற மெலிகிறது. என்னுடையது ஆயில் மேலே ஏறியதும் நிற்கிறது. இரண்டும் ஒன்றில்லை.

ஆயில் மாற்றும்போதுதான் விஷயம் பிடிபட்டது. என் வண்டியில் ஃபில்டர் படுக்கைவாட்டில் இருக்கும். கழற்றினால் எப்போதும் முழங்கை வரை ஆயில் வழியும். அன்றைக்கு ஒரு சொட்டுகூட விழவில்லை. ஃபில்டர் காலி! பழைய ஃபில்டரை அறுத்துப் பார்த்தோம். ஆயில் திரும்பி ஓடாமல் தடுக்கிற ரப்பர் வளையம் விறைத்துப்போய், விரலால் வளைத்தால் ஒடிகிறது. ராத்திரி முழுக்க ஆயில் சம்ப்புக்கு (இன்ஜினின் அடித்தொட்டி) இறங்கிவிடுகிறது, காலையில் டேப்பட் வறண்டு அடிக்கிறது. மலிவு ஃபில்டருக்கு இதுதான் மிச்சம். நல்லதாகப் போட்ட பிறகு சத்தம் இல்லை.

மஸ்கட் பெட்ரோல்:

கம்பெனி கொடுத்த பெட்ரோல் பிக்கப், சிலிண்டருக்குள்ளேயே பெட்ரோலை அடிக்கிற நேரடி இன்ஜெக்‌ஷன். வண்டி கைக்கு வந்த நாள் முதல் டிக் டிக்தான். சைட்டில் அதே மாடல் இன்னொன்று நின்றது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, பானட்டைத் திறந்து வைத்துக் கேட்டோம். ஒரே சத்தம். இன்ஜெக்டரும் ஹை பிரஷர் பம்பும் அடிக்கிற சத்தம் அது, நோயே இல்லை. இன்றுவரை அடிக்கிறது, நானும் ஓட்டுகிறேன்.

ஸ்பேனர் 14:

தொழிலில் தலை நரைத்தவன் சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முதலில் டிப் ஸ்டிக்கைப் பாருங்கள். பாதிப் பேர் ஆயிலே இல்லாமல் டேப்பட் மாற்ற வருகிறார்கள். அடுத்து, டிக் சத்தத்தை எண்ணுங்கள். ஐடிலிங் 800 ஆர்பிஎம் என்றால் வால்வைத் திறக்கிற கேம் ஷாஃப்ட் 400 தடவைதான் சுற்றும். சத்தம் அந்தப் பாதி வேகத்தில் வந்தால் டேப்பட். சந்தேகமே வேண்டாம். அப்புறம் ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒரு சில நொடி மட்டும் ஸ்டார்ட் பண்ணுங்கள். சத்தம் போய்விட்டால் ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப், ஐட்லர் புல்லி இவற்றில் ஒன்று. நீள ஸ்க்ரூடிரைவரின் பிடியைக் காதோரம் வைத்து, முனையை வால்வ் கவரில் ஒரு இடம், பிளாக்கில் ஒரு இடம் தொட்டுக் கேளுங்கள். ஃபேன் பக்கம் துண்டு, தாவணி எதுவும் தொங்கக் கூடாது. டேப்பட் கிளியரன்ஸ் (இடைவெளி) வைக்கிற வண்டியென்றால் கம்பெனி சொன்ன அளவில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) வைத்து, சொன்னபடி குளிரிலோ சூட்டிலோ செட் பண்ணுங்கள். எந்த சிலிண்டர் என்று தெரிய, பழைய பம்ப் வண்டியில் இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்தி, அந்த சிலிண்டர் அடங்கியதும் சத்தம் மாறுகிறதா என்று பார்ப்போம். காமன் ரெயிலில் அதைச் செய்யவே கூடாது! ஐடிலிங்கிலேயே 200, 300 பார் பிரஷர் இருக்கும், டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். இன்ஜெக்டர் கனெக்டரைப் பிடுங்குங்கள், போதும். எல்லாவற்றுக்கும் மேலே, பழைய இன்ஜினுக்கு 20டபிள்யூ-50 என்கிற கெட்டி ஆயில் ஊற்றுங்கள், பாதி சத்தம் அடங்கிவிடும்.

என் அனுபவமா? ஒரு வண்டி டிக் டிக் என்று வந்தது. புளோயர் ஃபேனில் வேப்பங்குச்சி.

டீசல் மணம்:

ஸ்பேனர் ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். எண்ணிப் பார்த்து டேப்பட் என்று சொல்ல முடியாது. நாலு ஸ்ட்ரோக்கில் ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதானே வெடிக்கிறது? மேனிஃபோல்டு ஒரு இடத்தில் கசிந்தாலும் அதே பாதி வேகம்தான். ஒட்டன்சத்திரம் அண்ணனுக்கு இருந்ததும் அந்த மாதிரிக் கசிவுதான்.

மலைக்கேரட்:

20டபிள்யூ-50 எங்கள் குளிருக்கு ஆகாது ஐயா. ஆயில் கெட்டியாகி மேலே ஏறவே நேரம் எடுக்கும், டிக் இன்னும் நீளும். நீங்கள் வெயில் ஊர்க்காரர் போல.

ஸ்பேனர் 14:

கரூர். நாங்கள் ஊற்றித்தான் ஓட்டுகிறோம்.

சேலம் செகண்ட்ஸ்:

கெட்டி ஆயில் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். மாமா ஒரு பிக்கப் பார்க்கப் போனார், நானும் கூடப் போனேன். காலை ஆறு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தோம். புரோக்கர் சிரித்துக்கொண்டே சாவி கொடுத்தார். வண்டி பஞ்சு மாதிரி ஸ்டார்ட் ஆனது. நான் சும்மா பானட்டில் கை வைத்தேன். சுட்டது. மாமாவைப் பார்த்துக் கண் காட்டினேன், அவர் அதற்குள் அட்வான்ஸ் எண்ணிக்கொண்டிருந்தார். மறுநாள் காலை வீட்டு வாசலில் அந்த வண்டி போட்ட சத்தத்தைக் கேட்டு எதிர் வீட்டுக்காரர் வெளியே வந்துவிட்டார். அது டிக்கே இல்லை, டொக். ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் இன்னும் கனமாக வந்தது. கடைசியில் பிஸ்டனை கிராங்க் ஷாஃப்ட்டோடு இணைக்கிற கனெக்டிங் ராட்டின் பேரிங் போயிருந்தது. ஆயிலை வடித்துப் பார்த்தால் கூழ் மாதிரி கெட்டி, பளபளவென்று உலோகத் தூள் வேறு. மாமா இன்னும் அந்த புரோக்கரை "நல்ல பையன்" என்கிறார், அதுதான் தாங்க முடியவில்லை.

தண்ணி கேன் வண்டி:

நாங்கள் தண்ணீர் கேன் சப்ளை. வண்டியை நான்தான் எடுப்பேன். எனக்கும் டிக் டிக், கூடவே கேபினுக்குள் டீசல் புகை நாற்றம். இங்கே நாற்றத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லையே? மெக்கானிக் தம்பி இன்ஜின் கவரைக் கழற்றியதும் "அக்கா, இங்க பாருங்க" என்றான். இரண்டாவது இன்ஜெக்டரைச் சுற்றிக் கருங்கல் மாதிரி தார் இறுகிக் கிடக்கிறது. இன்ஜெக்டர் அடியில் இருக்கிற காப்பர் வாஷர் போய்விட்டது, கம்ப்ரெஷன் அந்த வழியாக டிக் டிக் என்று வெளியேறுகிறது. தாரைச் சுரண்டி, புல்லர் மாட்டித் தட்டித் தட்டி எடுக்க மத்தியானம் ஆகிவிட்டது. வாஷர் விலை ஒரு டீ காசு, கூலிதான் பெரிது. உட்காரும் இடத்தைச் சுத்தம் பண்ணாமல் புது வாஷர் போட்டால் மறுபடி கசியும் என்று அவன் சீட் கட்டர் போட்டுத் தேய்த்தான். அந்த ஒரு வேலைக்காகவே அவனிடம் இப்போதும் போகிறேன்.

டீசல் மணம்:

ஒட்டன்சத்திரம் அண்ணே, உடைந்த ஸ்டட் சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே இருந்ததா? எப்படி எடுத்தார்? எனக்கும் அதே இடத்தில் கரி தெரிகிறது.

ஒட்டன்சத்திரம் லோடு:

கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதன் மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் அடித்து, அந்தச் சூட்டோடு ஸ்பேனர் போட்டுத் திருப்பினார், வந்துவிட்டது. உள்ளே ஒடிந்திருந்தால் டிரில் போடணும், அது பெரிய வேலை என்றார். மேனிஃபோல்டு முகம் வளைந்திருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்; எனக்கு லேசாக வளைந்திருந்தது, லேத்தில் கொடுத்து முகத்தைச் சமமாக்கினோம். ஸ்டட் எல்லாவற்றையும் புதிதாகவே போட்டுவிடுங்கள்.

ஸ்பேனர் 14:

நடு ஸ்டட்டிலிருந்து ஆரம்பித்து இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி டைட் பண்ணச் சொல்லுங்கள். டார்க் ரெஞ்ச் (முறுக்கும் அளவு பார்த்து டைட் பண்ணுகிற ஸ்பேனர்) இல்லாத பட்டறை என்றால் நீங்களே ஒன்று கொண்டு போங்கள்.