புதுப்பிப்பு: சிறியவர்களும் பெரியவர்களும் ஒரே அரங்கில்

5 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளை உள்ளரங்கில் ஒன்றாக விளையாட வைப்பது எப்படி என்று முன்பு கேட்டிருந்தேன். யோசனை சொன்னவர்களுக்கு நன்றி. பலவற்றை முயன்று பார்த்துவிட்டோம்.

அமோக வெற்றி, உறைந்து நிற்கும் ஓடிப்பிடி. பிடிபட்டவர் காலை அகட்டி அசையாமல் நிற்க வேண்டும். கூட்டாளி ஒருவர் காலிடுக்கில் தவழ்ந்து போனால் விடுதலை. இதில் குட்டிகள்தான் ராஜாக்கள். சர்ரென்று நுழைந்து வெளியே வந்துவிடுகிறார்கள். பெரிய பிள்ளைகளோ தரையில் முட்டி தேய முக்கி முனகுகிறார்கள். துரத்தும் முறை பெரியவர்களுக்கு வந்தால் நொண்டியடித்துத்தான் துரத்த வேண்டும் என்றோம். முதலில் முணுமுணுப்பு, பிறகு அதுவே அவர்களுக்குள் போட்டியாகிவிட்டது.

பந்தெறி ஆட்டத்துக்குப் பஞ்சுப் பந்து மட்டும், இடுப்புக்குக் கீழே மட்டும். அடிபட்டவர் வெளியேறுவதில்லை, எதிரணியில் சேர்ந்துகொள்கிறார். 'அவுட்' ஆனவரை ஓரமாக உட்கார வைக்கும் ஆட்டங்கள் எனக்கு எப்போதுமே பிடிக்காது. முதலில் வெளியேறுவது பெரும்பாலும் கடைக்குட்டிதான், ஓடியாட வேண்டியதும் அதுதான்.

தொடர் ஓட்டத்தில் சுவரைத் தொட்டுத் திரும்பச் சொல்லாதீர்கள். வேகத்தில் மணிக்கட்டு மடங்கும். சுவருக்குச் சில மீட்டர் முன்பே கூம்பு வைத்து, அதைச் சுற்றி வரச் சொல்லுங்கள். வெறும் காலுறையோடு ஓடுவதும் வேண்டாம், வழுக்கும்.

விசில் சத்தம் அரங்கில் எதிரொலித்துக் காதைக் கிழிக்கிறது. இப்போது விளக்கை ஒருமுறை அணைத்துப் போடுகிறோம், எல்லோரும் நின்றுவிடுகிறார்கள்.